மொட்டைமேட்டில் நான் வெட்டிய ஏழு கான்

தம்பி,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. டெல்லியில் நீ நன்றாகத்தான் இருப்பாய். இங்கே நடந்ததை முதலில் கேள். போன செவ்வாய்க்கிழமை வனத்துறை ஜீப்பில் நான்கு பேர் வந்து, மொட்டைமேட்டின் கிழக்குச் சரிவு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் ஒரு குழி, குழிக்கு ஒரு மரக்கன்று, வருகிற மழைக்கு நடவு என்று சொன்னார்கள். நம் காலனியின் நாற்பது வீட்டுக்கும் குடிக்க இருக்கிற ஒரே ஊற்று அந்தச் சரிவின் காலடியில்தான் இருக்கிறது. அது உனக்குத் தெரியாததா? அந்தத் தண்ணீரில்தான் உன்னைக் குளிப்பாட்டினோம். "யாரக் கேட்டு நட்டீங்க?" என்று கேட்டேன். அவர்களில் தொப்பி போட்டவன் சிரித்தான். "என்ன பெரியவரே, ஒங்க மகன் சார்தான் இந்த எடத்தையே சொன்னாரு. ஒங்களுக்குப் பெருமைதானே?" என்றான். எழுபது வயதைத் தாண்டிய நான் திரும்பி வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.

அன்று சாயங்காலமே உன் அக்காவை உனக்குப் போன் போட வைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "அது மாதிரித் திட்டம்ப்பா. சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு எடத்துல செஞ்சு காட்டணும்ல?" என்றாய். "ஊத்து செத்துப்போகும்லே" என்றேன். "மரம் வந்தா தண்ணி கூடத்தாம்ப்பா செய்யும். நீங்களே நட்டவருதானே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாய். நான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். கோபத்தில் போய்விட்டேன் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் பதில் தெரியாமல் போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியும். உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

நான் கைநாட்டு. உன் அக்கா செல்வி எழுதுகிறாள். வட்டக்கானல் விடுதியில் பத்து அறையும் கூட்டித் துடைத்துவிட்டு, காலைக்கூட நீட்டாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசுகிறபடியே எழுதாதே, அச்சில் வருகிற தமிழாக எழுது என்று சொல்லியிருக்கிறேன். இது உனக்கு மட்டும் இல்லை. உன்னோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் நீ இதைப் படித்துக் காட்ட வேண்டும். பத்திரிகைக்காரன் போட்டாலும் போடட்டும். "திட்டுறதையும் எழுதவாப்பா?" என்கிறாள். அதை முதலில் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

பொங்கலுக்கு நீ வந்தபோது ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தாய். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, அதைத் தடுக்க நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும், அதற்கு முதல் வரைவு எழுதுகிற குழுவில் நானும் இருக்கிறேன், நிலத்தைப் பற்றிய பகுதி என் பொறுப்பு என்றாய். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் பேரப்பிள்ளை பார்க்கிற வயதில், அவன் மகன் நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறான். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. அடுப்பங்கரையில் கரும்பு கடித்துக்கொண்டே நீ இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாய். மரம் இல்லாத புல்வெளியெல்லாம் வெற்று நிலம், வெற்று நிலத்தையெல்லாம் பத்து வருஷத்துக்குள் மரத்தால் மூட வேண்டும், தடுக்கிறவனுக்குத் தண்டனை. அதற்குப் பிறகு சொன்னாயே, அதுதான் என்னைக் கொன்றது. "உதாரணமா நம்ம மேட்டத்தாம்ப்பா போட்டிருக்கேன். ஒரு கூலிக்காரர் தன் கையால மொட்ட மலையக் காடாக்குனாருன்னு. கூட்டத்துல அம்புட்டுப் பேரும் கை தட்டுனாங்க. பழைய பைல்ல ரிப்போர்ட்டக்கூடத் தேடி எடுத்தேன். 'இந்த நிலம் வெறுமையாக, யாருக்கும் பயன்படாமல் கிடந்தது'ன்னு எழுதிருக்கு. அதுக்குக் கீழ யாரு ரேகை தெரியுமா? ஒங்க ரேகைப்பா!"

நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். "பாரு, அப்பாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு" என்று செல்வி உன்னிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கலங்கியது உண்மை. சந்தோஷத்தில் கலங்கியது என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டீர்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே திரும்பி வந்து உண்மையைச் சொல்லியிருந்தால், இன்று அந்தச் சுண்ணாம்புக் கல் அங்கே நின்றிருக்காது. அந்தக் கோழைத்தனத்துக்கு என்னையும் இந்தக் கடிதத்தில் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

இனி கேள். சிலோனில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் என் சோலி கொழுந்து பறிப்பதோ கவ்வாத்து வெட்டுவதோ இல்லை. கான் வெட்டுவது. சரிவான மலையில் தேயிலையின் வேரில் தண்ணீர் நிற்காமல் வடிந்து போக வெட்டுகிற வாய்க்காலுக்குத்தான் அங்கே கான் என்று பெயர். எவ்வளவு சாய்வு வைத்தால் மண் அரிக்காமல் தண்ணீர் மட்டும் இறங்கும் என்பது எனக்குக் கண்ணாலேயே தெரியும். காலையில் ஆள் பிரித்து வேலை கொடுக்கிற பிரட்டில் தொரையே வந்து, "கான் வெட்டுக்கு அவன அனுப்பு" என்று கங்காணியிடம் என்னைக் காட்டிச் சொல்லுவார். அப்புறம் இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு, நாங்கள் இந்தியாக்காரர்கள் என்று முடிவு செய்தார்கள். மூன்று வயதுச் செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு உன் அம்மாவும் நானும் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் ஆறு மாதம். மலையில் மரம் நடுகிற வேலை இருக்கிறது, வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். குளிர் பழகிய உடம்பு, வந்துவிட்டோம். இருபத்தெட்டுக் குடும்பம், ஒரே லாரி.

அன்றைக்கு மொட்டைமேடு முழுக்கப் புல். மேற்குச் சரிவில் புல்லுக்கு அடியில் கறுப்பு மண், முழங்கை ஆழத்துக்கு. பங்குனி வெயிலிலும் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வடியும். அதில் வாட்டில் கன்றும் பைன் கன்றும் நட்டோம். ஒரு வருஷத்தில் பாதிக்குப் பாதி வேர் அழுகிச் செத்தது. நடவைப் பார்த்துக்கொண்ட வனத்துறை ரேஞ்சர் ஐயா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர்; மரம் வந்தால் மலை பிழைக்கும் என்று உண்மையிலேயே நம்பினார். அடுத்த நடவும் போனால் வேலையை மூடிவிடுவார்கள், நீங்கள் எல்லோரும் முகாமுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றார். இருபத்தெட்டுக் குடும்பமும் தகரக் கொட்டகைக்குள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான்தான் எழுந்தேன். "ஐயா, கான் வெட்டுனா நிக்கும்" என்றேன். அப்படியென்றால் என்ன என்றே அவருக்குத் தெரியாது. இந்த மலையில் யாருக்கும் தெரியாது. யாரும் என்னிடம் கேட்கவில்லை தம்பி. நானாகத்தான் சொன்னேன்.

ஒரே பனிக்காலத்தில் ஏழு கான் வெட்டினேன். என்னோடு பன்னிரண்டு பேர். மேலே இருந்து கீழே வரைக்கும் சரிவைக் குறுக்காகக் கீறிக்கொண்டு வந்தோம். மண்வெட்டி விழுந்த இடத்திலெல்லாம் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து ஓடியது. தேயிலை மலையில் கான் வெட்டினால் மழை பெய்கிற அன்றுதான் தண்ணீர் ஓடும். இங்கே மழையே இல்லாத மாசி மாதம், இராப்பகலாக ஓடியது. எங்கிருந்து இத்தனை தண்ணீர் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. என் சாய்வு எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மேட்டில் எருமை மேய்த்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சடையன் தினமும் வந்து கரையில் உட்கார்ந்து பார்ப்பான். என் வயதுதான். வாய் சும்மா இருக்காது. "சிலோன்காரரே, மலைக்கு என்ன வியாதி? இப்பிடி வயித்துப்போக்க வரவச்சுட்டீங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "மரம் நிக்கணும்ல" என்றேன். "மரம் நிக்கும். அது குடிக்க என்ன செய்யும்? ஏற்கெனவே இருக்குறத நீங்க வடிச்சுட்டீங்க, மிச்சத்த அது குடிச்சிரும். எங்க எருமைக்கு ஒங்க கொட்டாய்லருந்து காப்பித்தண்ணி ஊத்துவீங்களா?" மறுபடியும் சிரிப்பு. எனக்கு எரிச்சல் வந்தது. "எங்களுக்கு இருக்க எடம் வேணும்யா. ஒனக்கு இந்த மலை அப்பன் பாட்டன் காலத்துலருந்து கெடக்கு. எங்களுக்கு என்ன கெடக்கு?" என்று கத்தினேன். அவன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, எருமையை ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் வந்து உட்காரவில்லை.

கன்று நின்றது. ரேஞ்சர் ஐயா என் தோளில் தட்டினார். என்னை மேஸ்திரி ஆக்கினார். தகரக் கொட்டகை போய் ஓட்டு வீடு வந்தது. அதுதான் நீ பிறந்த வீடு. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே, அந்தச் சர்ட்டிபிகேட் வந்தது. அப்போதுதான் அந்த ரிப்போர்ட்டும் வந்தது. "இங்கன வையிப்பா" என்றார், வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. வெறுமையாகக் கிடந்தது என்று எழுதியிருக்கிறார்கள். யாருக்கும் பயன்படாமல் கிடந்தது என்று எழுதியிருக்கிறார்கள். சடையன் எருமை மேய்த்ததை நான் தினமும் பார்த்தேன். அந்தச் சரிவிலிருந்து இறங்குகிற மேற்கு ஓடையில்தான் நாங்கள் அன்றைக்கு அத்தனை பேரும் தண்ணீர் மொண்டோம். ரேகை வைத்த விரலைக் கழுவியதுகூட அந்த ஓடையில்தான். ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்குப் பிறகு என் மகன் அந்த ரேகையை டெல்லியில் கண்டெடுத்து, சட்டத்துக்குச் சாட்சியாக வைக்கிறான்.

ஆறாம் வருஷம் பங்குனியில் மேற்கு ஓடை நின்றது. முதலில் நூலாக வந்தது, அப்புறம் பாறையில் ஈரமாக நின்றது, அப்புறம் அதுவும் இல்லை. அந்தக் கறுப்பு மண் காய்ந்து, பொடியாகி, நடந்தால் செருப்பில் பழுப்பாக ஒட்டியது. சடையனின் எருமைகளுக்கு மேய்ச்சல் இல்லை. விற்றுவிட்டுக் கன்னிவாடிச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். காலனிக்குக் கிழக்கு ஊற்று ஒன்றுதான் மிஞ்சியது. அந்தப் பக்கம் நடவு வருவதற்குள் திட்டம் முடிந்து ரேஞ்சர் ஐயாவும் மாற்றலாகிப் போனதால்தான் அது தப்பியது. போக ஒரு மைல், வர ஒரு மைல், வருவது ஏற்றம். உன் அம்மா வெள்ளனே எழுந்து இரண்டு குடம் எடுத்துக்கொண்டு போவாள்.

உனக்கு ஏழு வயது இருக்கும். ஒருநாள் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "வெரசா காப்பி போடு" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்க கான் கொண்டுபோன தண்ணியத்தான் நான் தலையில சுமந்துட்டு வர்றேன். கொஞ்சம் பொறுங்க" என்றாள். நிறைகுடம் அது. எட்டி உதைத்தேன். முற்றமெல்லாம் தண்ணீர். அவள் அழவில்லை; காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் நடந்தாள். நீ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "ஏம்ப்பா?" என்றாய். "ஒங்கம்மாவுக்கு வாய் நீளம்" என்றேன். நான் வெட்டியதுதான் எங்கள் ஓடையைக் குடித்தது என்று உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது. உனக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அவள் சாகிற வரைக்கும் உன்னிடம் சொல்லவில்லை. என் மரியாதைக்காக அவள் சுமந்த குடம் எத்தனை என்று எனக்கு எண்ணத் தெரியாது.

அதோடு நிறுத்தினேனா? உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அந்த மரங்களைக் காட்டினேன். "இதெல்லாம் யாரு நட்டது?" என்று நான் கேட்க, "எங்கப்பா!" என்று நீ கத்துவாய். கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினாய். அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தை நடத்திய பாதிரிச் சாமியார் உன்னை விடுதியில் சேர்த்துக்கொண்டார். விடுதியில் குழாய் உண்டு. கோடை லீவுக்கு வந்தாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீ கேட்டதில்லை, அக்காதான் எடுத்தாள். உன் படிப்பு, உன் வேலை, நீ இன்று எழுதுகிற சட்டம், எல்லாமே நான் சொன்ன ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. அதனால்தான் எனக்கு இத்தனை கோபம். உன்மேல் பாதி, என்மேல் பாதி. பங்கு சரிதானா என்று நீயே பார்த்துக்கொள்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்கிறேன் என்று திரித்துவிடாதே. வேண்டும். இந்த மலையில் பருவம் கெட்டுக் கிடப்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி முழுக்கப் பெய்ய வேண்டியது இரண்டே நாளில் கொட்டி ரோட்டை அறுத்துக்கொண்டு போகிறது. பனி விழ வேண்டிய நாளில் வியர்க்கிறது. பேரிக்காய் கண்ட மாதத்தில் பூக்கிறது. கீழே ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்காரன்கூட, மேலே என்னய்யா செய்கிறீர்கள், எங்கள் ஓடையில் தண்ணீரே இறங்கவில்லை என்று பஸ்ஸில் என்னைப் பிடித்துக் கேட்கிறான். ஆனால் இந்தச் சூட்டை உண்டாக்கியது யார்? மே மாதம் வந்து பார். ஏரியைச் சுற்றி வண்டி வண்டியாக நின்று புகைக்கிறது. கீழே ஆலைகள் புகைக்கின்றன. உன் காகிதத்தில் அவர்களுக்கு என்ன எழுதியிருக்கிறாய்? நீ படித்தபோது கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆலைக்கு "படிப்படியாக". வண்டிக்கு "இயன்றவரை". எங்கள் புல்லுக்கு மட்டும் "பத்து வருஷத்துக்குள்", "தண்டனை". புகைக்கிறவனிடம் கெஞ்சுகிறாய். தண்ணீர் கொடுக்கிற மேட்டுக்கு விலங்கு மாட்டுகிறாய். அவன் அங்கே புகைத்துக்கொள்ளலாம், அதற்கு ஈடாக எங்கள் ஊற்றின் தலையில் மரம் நடுவான். இதுவா நியாயம்? இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்?

மரம் காற்றிலிருக்கிற கரியைக் குடித்து உடம்பில் வைத்துக்கொள்ளும், அதனால் சூடு குறையும் என்றாய். சரி. செல்வி வேலை செய்கிற விடுதியில் புல்லைப் பற்றிப் படிக்கிற ஒரு பெண் வந்து தங்கியிருந்தாள். அவளிடம் செல்வி கேட்டிருக்கிறாள். அந்தக் கறுப்பு மண் எதனால் கறுப்பு என்று நினைக்கிறாய்? நீ சொல்கிற அதே கரிதான், எத்தனையோ காலமாகப் புல் செத்துச் செத்து நீருக்கடியில் அமுங்கிக் கிடந்தது என்று அந்தப் பெண் சொன்னாளாம். ஈரமாக இருக்கிறவரை மண்ணிலேயே கிடக்கும், காய்ந்தால் காற்றோடு போய்விடுமாம். அதை முழங்கை ஆழத்துக்குக் காயவைத்து ஊதிவிட்டவன் நான். அதைத்தான் நீ நாட்டுக்கே உதாரணம் என்கிறாய். வெற்று நிலமாம்! மூன்று வருஷத்துக்கு முன்னால் குறிஞ்சி பூத்தபோது பஸ் பஸ்ஸாக வந்து பார்த்துப் படம் பிடித்தார்களே, அது எதில் பூத்தது? பைன் மரத்திலா?

இரண்டு வருஷம் முன்பு கன்னிவாடிச் சந்தையில் சடையனைப் பார்த்தேன். முதுகு வளைந்துவிட்டது. என்னை அவன்தான் அடையாளம் கண்டான். "என்ன சிலோன்காரரே, மேல தண்ணி எப்பிடி இருக்கு?" என்றான். அவன் கண்ணில் கேலி இல்லை. ஊரைப் பற்றி விசாரிக்கிற ஆசைதான் இருந்தது. "நல்லா இருக்குய்யா" என்றேன். அவனிடமும் பொய். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

போனில் நீ அப்படிக் கேட்ட மறுநாள், நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேற்குச் சரிவுக்குப் போனேன். முதல் கான் வாட்டில் சருகுக்குள் புதைந்து கிடந்தது. ஆனால் சாய்வு அப்படியே இருந்தது. அவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறேன். அடைக்க ஆரம்பித்தேன். வெட்டத் தெரிந்தவனுக்கு அடைக்கவும் தெரியும். வாட்டில் கம்பைக் குறுக்கே அடித்து, கல்லை அண்டக் கொடுத்து, புல்லோடு மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்து மிதித்து இறுக்க வேண்டும். என் வயதுக்கு முதல் நாளில் நான்கு பாளம்தான் முடிந்தது. காலனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். "பெருசுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. நட்டவரே தோண்டுறாரு" என்றார்கள். ஏன் என்று சொன்னேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று, மன்னித்துக்கொள்.  கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேர் மண்வெட்டி எடுத்து வந்தார்கள். மூன்று கான் அடைத்துவிட்டோம்.

நேற்று வனத்துறைக் கார்டு வந்தார். சின்ன வயது, நல்ல பையன்தான். "பெரியவரே, நடவுக்குள்ள வந்து என்ன சோலி பாக்குறீங்க? நான் எழுதித்தான் ஆகணும்" என்று காகிதம் எடுத்தார். "எழுதுங்க. ஆனா முதல்ல வெட்டுனதும் இதே ஆளுதான்னு சேத்து எழுதுங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்குக் கேசு கெடையாது பெரியவரே. அதுக்குத்தான் ஒங்களுக்கு சர்ட்டிபிகேட்டு குடுத்திருக்காங்கள்ல?" கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ரேகை வைக்கச் சொன்னார். படித்துக் காட்டுங்கள், முழுக்கக் கேட்ட பிறகுதான் வைப்பேன் என்றேன். படித்தார். அத்துமீறி நுழைந்து நிலத்துக்குச் சேதம் செய்தார் என்று இருந்தது. "சேதம் அன்னைக்குச் செஞ்சது. இன்னைக்குச் செய்யுறது பேரு வேற" என்றேன். ரேகை வைக்கவில்லை. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன் என்று போயிருக்கிறார்.

ஆக, உன் சட்டம் வந்தால் அதில் முதலில் மாட்டுகிறவன் உன் அப்பனாகத்தான் இருப்பேன். அதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. கடல் தாண்டி வந்தவனுக்கு மலை இறங்கிக் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போவது ஒரு தூரமா? எனக்குப் பயம் கிழக்கு ஊற்றைப் பற்றித்தான். மழை விழுந்ததும் அந்தக் கல்லுக்கு நடுவே குழி தோண்டுவார்கள். கன்று அழுகும். கான் வெட்டு என்று யாராவது எழுந்து சொல்லுவான். இந்த முறை அதைச் சொல்ல நான் வேண்டியதில்லை. என்னைப் புகழ்ந்து நீ எழுதிய காகிதமே சொல்லிக்கொடுக்கும். அப்புறம் ஆறு வருஷம். அதற்கு மேல் காலனியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மறுபடியும் லாரி, மறுபடியும் முகாம். இப்போது எந்த அரசாங்கம் எங்களை எந்த நாட்டுக்காரர் என்று சொல்லும்?

அடுத்த மாதம் வரைவுக்குக் கடைசிக் கூட்டம் என்று அக்காவிடம் சொன்னாயாம். அந்தக் கூட்டத்தில் நீ எழுந்து நிற்க வேண்டும். என் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கிய அதே இடத்தில், என் பெயரைச் சொல்லியே இதைப் படிக்க வேண்டும். வெற்று நிலம் என்ற சொல்லை அடிக்க வேண்டும். மேட்டில் எதை நடுவது, நடுவதா வேண்டாமா என்பதை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களிடம் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்று எழுத வேண்டும். உன்னோடு இருக்கிறவர்கள் சிரிக்கலாம். உனக்கு வேலை போகலாம். என் மகன் மரத்துக்கு எதிரி என்று பேப்பரில் போடலாம். எனக்கும் ஒருநாள் இந்த மாதிரி ஒரு கொட்டகையில் எழுந்து நிற்கிற நேரம் வந்தது. நான் எழுந்து தப்பானதைச் சொன்னேன். நீ எழுந்து அதைத் திருத்து. முடியாது என்றால் பொங்கலுக்கு இந்த வாசலில் ஏறாதே. இதை எழுத மாட்டேன் என்று செல்வி அடம் பிடித்தாள். எழுத வைத்திருக்கிறேன்.

முழுவதையும் அவளை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முதல் தரம் கேட்டபோது உன் அம்மாவின் குடத்தை நான் உதைத்த இடம் இல்லை. விட்டுவிட்டாள். "அது எதுக்குப்பா டெல்லிக்காரங்களுக்கு?" என்றாள். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஒரு கிழவன் புல்லுக்காகப் புலம்புகிறான் என்று ஆகிவிடும் என்றேன். சேர்த்து எழுதினாள். எழுதும்போது அழுதாள். இரண்டாம் தரம் கேட்டபோது எல்லாம் சரியாக இருந்தது.

கீழே நீலமாக இருப்பது என் பெருவிரல். பைலில் நீ கண்டெடுத்த ரேகையோடு பக்கத்தில் வைத்துப் பார். விரல் அதேதான், தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அது என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைத்தது. இது ஒவ்வொரு வரியையும் கேட்டுவிட்டு வைத்தது. உன் சட்டத்துக்கு எது சாட்சி என்று இனி நீ முடிவு செய்துகொள்.

பொழுது விடிந்தால் நான் மேற்குச் சரிவுக்குப் போக வேண்டும். நான்கு கான் பாக்கி இருக்கிறது.

உன் அப்பா